முறுக்குக் கடைக்குப் பூட்டு: 480 வெள்ளியா, சும்மாவா?

கேள்வி: ஐயா, வணக்கம். அம்மா தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் தொடங்கிய முறுக்கு வியாபாரத்தை இப்போது சுங்கை சிப்புட் டவுனில் ஒரு சின்னக் கடையாக நானும் தம்பியும் நடத்துகிறோம். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கம்பெனியிடம் சொல்லி இணையத்தளம் போட்டோம். தீபாவளி நேரத்தில்தான் அதில் ஆர்டர் குவியும். கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் வரைக்கும் அனுப்புகிறோம். படிவத்தில் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் கேட்போம். பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணும் கியூஆர் படமும் அதே பக்கத்தில் இருக்கின்றன.

போன தீபாவளிக்கு நிறையப் பேர், "உங்கள் பக்கம் ‘நாட் செக்யூர்’ என்று காட்டுகிறது, பயமாக இருக்கிறது" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதினார்கள். கம்பெனியைக் கேட்டால் எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்க வேண்டும், வருடத்துக்கு 480 வெள்ளி (ரிங்கிட்), மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 1,200 என்கிறார்கள். ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன், "சின்னம்மா, அது சும்மாவே கிடைக்கும்" என்கிறான். அதைச் சொன்னால் கம்பெனியில், "சும்மா கிடைப்பதெல்லாம் மூன்று மாதத்தில் செத்துப்போகும், கேரண்டி கிடையாது, வியாபாரத்துக்கு ஆகாது" என்கிறார்கள். யார் சொல்வது சரி? டொமைன் பாஸ்வர்ட் எல்லாம் அவர்களிடமே இருப்பதால் பகைத்துக்கொள்ளவும் தயக்கம். இன்னொன்று, அம்மாவின் பழைய கைப்பேசியில் சில பக்கங்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

— வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: வணக்கம் சகோதரி.

480 வெள்ளியை இப்போது கட்டாதீர்கள். 1,200 வெள்ளியை எப்போதுமே கட்டாதீர்கள்.

கடிதத்தில் கடையின் இணைய முகவரியை எழுதியிருந்தீர்கள். அதை இங்கே வெளியிடவில்லை, ஆனால் பதில் எழுத உட்காரும் முன் திறந்து பார்த்தேன். உலகத்தில் எந்த இணைய முகவரிக்கு, யார், எந்தத் தேதியில் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுப் பதிவேடுகள் இருக்கின்றன. 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு கொடுக்கப்பட்ட எந்தச் சான்றிதழும் அந்தப் பதிவேட்டில் ஏறாவிட்டால் குரோம் அதை ஏற்றுக்கொள்ளாது. அதனால் அநேகமாக எல்லாமே அங்கே இருக்கும். உங்கள் கடைப் பெயரைப் போட்டுத் தேடினேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கொடுத்த இலவசச் சான்றிதழ்கள் வரிசையாக நிற்கின்றன, இரண்டு மாதத்துக்கு ஒன்று, விடாமல். கடைசியாக வந்தது போன மாதம்.

புரிகிறதா? உங்களுக்கு விற்கப் பார்க்கும் பொருள் ஏற்கெனவே உங்கள் கடையில் இருக்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. உங்கள் தளம் இருக்கும் செர்வரில் சி-பேனல் என்ற நிர்வாகப் பலகை ஓடுகிறது. 2016-லிருந்து அந்தப் பலகையில் சான்றிதழைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் வசதி உண்டு. யாரும் கேட்காமலே அது தன் வேலையைச் செய்துகொண்டு வந்திருக்கிறது. பிறகு ஏன் ‘நாட் செக்யூர்’? முகவரிக்கு முன்னால் ‘எஸ்’ சேர்த்து, எச்டிடிபிஎஸ் என்று அடித்துப் பார்த்தேன். பூட்டுள்ள வாசலில் ஒரு கணம் உள்ளே விட்டுவிட்டு, உடனே பூட்டில்லாத பழைய வாசலுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தளம் போட்ட நாளில் யாரோ எழுதி வைத்த ஒரு வரிக் கட்டளை. பின்னால் நல்ல வாசல் வைத்த பிறகும் ‘பழைய வழியாக வரவும்’ என்ற பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த வரியை எடுத்து, எதிர்த் திசையில் ஒன்று எழுதி, தளத்தின் அமைப்பில் முகவரியை எச்டிடிபிஎஸ் என்று மாற்றி, பழைய முகவரியிலிருந்து படங்களை இழுக்கும் இடங்களைச் சரிசெய்ய வேண்டும். பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. அதற்குக் கூலி கேட்டால் கொடுக்கலாம், 100 வெள்ளி வரை நியாயம் என்பேன். கூலிக்குச் சான்றிதழ் என்று பெயர் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வேண்டுமென்றே செய்கிறார்களா என்று கேட்பீர்கள். விற்பனைக்குப் பேசும் பையனுக்குச் செர்வரில் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவன் கையில் ஒரு விலைப் பட்டியல் இருக்கும், அதில் ‘எஸ்எஸ்எல் 480’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். சண்டைக்குப் போக வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலவசம் என்றால் சந்தேகமாக இருக்கிறது என்பது உங்கள் வரிகளில் தெரிகிறது. சந்தேகப்படுவதே நல்லது. அதனால் இது என்ன பொருள் என்று முதலில் பார்ப்போம்.

நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரே ஒரு தொலைபேசி. அது ஆபீசில், தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மேசையில் இருந்தது. கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை கூப்பிட்டால் லயத்துக்கு ஆள் அனுப்பித் தாயை அழைத்து வருவார்கள். அவர் பேசுவது முழுவதும் கிராணி காதில் விழும். பொழுது சாய்வதற்குள் தண்ணீர்க் குழாயடியில் அது சேதியாகிவிடும். தாய் வெட்டுக்குப் போயிருந்தால் கிராணியே சேதியைக் கேட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். அவர் எழுதியதுதான் பிள்ளை சொன்னது. எங்கள் கிராணி நல்ல மனுஷன். ஆனால் அவர் நல்லவராக இருந்ததால்தான் சேதி ஒழுங்காக வந்தது, வேறு எந்தக் காவலும் அதற்கு இல்லை.

பூட்டில்லாத இணையத்தளமும் அப்படித்தான். வாடிக்கையாளரின் கைப்பேசிக்கும் உங்கள் செர்வருக்கும் நடுவில் எத்தனையோ கிராணிகள்: சாப்பாட்டுக் கடை வைஃபை, ஹோட்டல் வைஃபை, நடுவழி இயந்திரங்கள். படிவத்தில் எழுதிய வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் அவர்கள் காதில் விழும். 2010-இல் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன நிரல் வெளிவந்தது. ஒரே வைஃபையில் உட்கார்ந்திருப்பவரின் முகநூல் கணக்குக்குள் பக்கத்து மேசைக்காரர் இரண்டு சொடுக்கில் நுழைய முடியும் என்று அது காட்டியது. அப்போது பெரிய தளங்களே பூட்டில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

உங்கள் கடை விஷயத்தில் வழியில் ஒட்டுக்கேட்பதைவிட மாற்றுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆர்டர் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, கியூஆர் படம் இருக்கிறது. பூட்டில்லாத பக்கம் வழியில் திருத்தப்படலாம். கணக்கு எண்ணில் நாலு இலக்கம் மாறினால் யாருக்குத் தெரியப் போகிறது? வாடிக்கையாளர் உங்களுக்குத்தான் கட்டினோம் என்று நினைப்பார், நீங்கள் பணம் வரவில்லை என்பீர்கள். சுங்கை சிப்புட்டில் யாரோ உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருக்கிறார் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் பணம் வாங்கும் பக்கம் ஒரு நாள்கூட அப்படித் திறந்து கிடக்கக் கூடாது.

சான்றிதழின் வேலை, கைப்பேசி பேசிக்கொண்டிருப்பது உங்கள் செர்வரோடுதான் என்று உறுதி சொல்வது. அந்த உறுதி கிடைத்த பிறகு இரண்டு பக்கமும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவி பேசி வைத்துக்கொண்டு பூட்டிப் பேசுகின்றன. இங்கேதான் கம்பெனிக்காரர் சொன்னது அடிபடுகிறது. பூட்டு எவ்வளவு கனம் என்பதை உங்கள் செர்வரும் வாடிக்கையாளரின் பிரவுசரும் பேசித் தீர்மானிக்கின்றன. சான்றிதழுக்கு நீங்கள் கொடுத்த விலை அந்தப் பேச்சில் வருவதே இல்லை. 480 வெள்ளிச் சான்றிதழைப் போட்டாலும் இலவசத்தைப் போட்டாலும் உடைப்பவனுக்கு ஒரே கஷ்டம்தான்.

அப்படியானால் காசு எதற்கு வாங்கினார்கள்? சரிபார்க்கும் கூலி. முகவரி உங்களுடையதுதானா என்று யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? லெட்ஸ் என்கிரிப்ட் அதை எப்படிச் செய்கிறது தெரியுமா? லயத்தில் 14-ஆம் நம்பர் வீடு என்னுடையது என்கிறீர்கள். அவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்து, "இதை அந்த வீட்டுக் கதவில் ஒட்டு, வந்து பார்க்கிறேன்" என்கிறார்கள். வீடு உங்கள் கையில் இருந்தால்தானே ஒட்ட முடியும்? வந்து பார்க்கிறார்கள், சீட்டு இருக்கிறது, சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். 2020-லிருந்து ஒரே வழியாக வந்து பார்ப்பதோடு விடுவதில்லை, இணையத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து பார்க்கிறார்கள், நடுவில் யாராவது வழியை மறித்துப் பொய்க் கதவைக் காட்டிவிடக் கூடாது என்று. எல்லாம் இயந்திரமே செய்வது. சில நொடிகளில் முடிந்துவிடும். மனிதக் கை படாத வேலைக்கு வருடத்துக்கு 480 வெள்ளி யார் கேட்பது?

இதைத்தான் அமெரிக்காவில் சிலர் கேட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லாவில் இருந்த ஜோஷ் ஆஸ், எரிக் ரெஸ்கோர்லா, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பில் இருந்த ஆஸ்திரேலியக்காரர் பீட்டர் எக்கர்ஸ்லி. லெட்ஸ் என்கிரிப்டுக்காக 2013-இல் லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பைப் பதிவு செய்தார்கள், 2015 செப்டம்பரில் முதல் சான்றிதழைக் கொடுத்தார்கள், அந்த வருட டிசம்பரில் எல்லாருக்கும் கதவைத் திறந்தார்கள். மொசில்லா, சிஸ்கோ, அகமாய் போன்றவை ஆரம்பத்திலேயே பணம் கொடுத்தன. பெரிய நிறுவனங்கள் ஏன் தர வேண்டும் என்றால், இணையத்தை மக்கள் நம்பினால்தான் அவர்கள் பிழைப்பு ஓடும். எக்கர்ஸ்லி 2022-இல், நாற்பத்துச் சொச்ச வயதில் காலமானார். அவர் பெயர் தெரியாமலே கோடிக்கணக்கானவர்கள் அவர் செய்த பூட்டைத் தினமும் திறந்து மூடுகிறார்கள்.

2020 பிப்ரவரி 27-இல் அவர்கள் 100 கோடியாவது சான்றிதழைக் கொடுத்தார்கள். அப்போது அங்கே முழுநேர ஊழியர்கள் 13 பேர். அவர்கள் சான்றிதழைப் போட்டிருந்த இணையத்தளங்கள் 19 கோடிக்கு மேல். 13 பேரால் இதைச் செய்ய முடிந்தது என்பதிலேயே, பழைய விலையில் எவ்வளவு வேலைக்காகப் போனது என்பது தெரிந்துவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் தொடங்கிய நேரத்தில், ஃபயர்ஃபாக்ஸ் கணக்குப்படி, திறக்கப்பட்ட பக்கங்களில் பூட்டுள்ளவை நாற்பது விழுக்காடுகூட இல்லை. 2020 தொடக்கத்தில் அது 81. கூகுளும் ஒரு பக்கமிருந்து தள்ளியது. 2014-இல் தேடலில் பூட்டுள்ள தளங்களுக்குக் கொஞ்சம் முன்னிடம் தருவதாகச் சொன்னது. 2018 ஜூலையிலிருந்து பூட்டில்லாத எல்லாப் பக்கத்துக்கும் குரோமில் ‘நாட் செக்யூர்’ போட்டுவிட்டது. உங்கள் வாடிக்கையாளர்கள் பார்த்துப் பயந்தது அதைத்தான்.

"கேரண்டி கிடையாது" என்கிறார்களே, அதற்கு வருவோம். காசு வாங்கிய நிறுவனங்கள் கவிழ்ந்த கதை ஒன்றிரண்டு சொல்கிறேன். நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற நிறுவனம். அந்த நாட்டு அரசாங்கத்துக்கே சான்றிதழ் கொடுத்தவர்கள். 2011-இல் யாரோ உள்ளே புகுந்து கூகுள் பெயரிலேயே பொய்ச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள், ஈரானில் இருந்தவர்களின் மின்னஞ்சலை உளவு பார்க்க அது பயன்பட்டது. அந்த வருட செப்டம்பரிலேயே நிறுவனம் திவால். அடுத்து சைமன்டெக். சான்றிதழ் வியாபாரத்தில் மலை மாதிரி நின்ற பெயர். விதிப்படி சரிபார்க்காமல் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்து, 2018-இல் குரோம் அவர்களுடைய பழைய சான்றிதழ்களை நம்ப முடியாது என்று ஒதுக்கியது. ஆக விலை ஒரு உறுதியும் தரவில்லை. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: 2020-இல் லெட்ஸ் என்கிரிப்ட் நிரலில் ஒரு பிழை இருந்து, 30 லட்சம் சான்றிதழ்களைச் செல்லாதவையாக்க வேண்டும் என்று அவர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள். தவறு எல்லாரிடமும் வரும். இவர்கள் சொல்லிவிட்டுச் செய்தார்கள், அதனால் என் மதிப்பு கூடியது.

விலையுள்ள சான்றிதழில் ஒரு வகை உண்டு. அதில் கம்பெனிப் பதிவையும் பார்த்து, உங்கள் வியாபாரப் பெயரை உள்ளே எழுதித் தருவார்கள். ஒரு காலத்தில் பிரவுசரில் அந்தப் பெயர் பச்சை எழுத்தில் தெரியும், வங்கிகள் அதற்காக நிறையக் கொடுத்தன. 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்சும் அந்தப் பச்சையை எடுத்துவிட்டன. முறுக்கு வாங்க வருகிறவர் கண்ணுக்கு இப்போது இரண்டும் ஒன்றுதான். பெரிய நிறுவனம் எதற்காவது சரக்குப் போட ஒப்பந்தம் வந்து, அவர்கள் எழுத்தில் கேட்டால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

"மூன்று மாதத்தில் செத்துப்போகும்" என்றது உண்மை. 90 நாள்தான் ஆயுள். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். சாவி திருடுபோனால் அது செல்லுபடியாகும் காலம் குறுகியதாக இருக்கட்டும் என்று ஒன்று. ஆயுள் குறுகியதாக இருந்தால் எவரும் கையால் புதுப்பிக்க மாட்டார்கள், இயந்திரத்திடம் விட்டுவிடுவார்கள் என்று இன்னொன்று. உங்களுக்கு மூன்று வருடத்துக்கு 1,200 என்றார்களே, மூன்று வருடச் சான்றிதழ் என்று ஒன்று இப்போது உலகத்திலேயே கிடையாது. 2020 செப்டம்பரிலிருந்து காசு கொடுத்தாலும் 398 நாளுக்கு மேல் கிடைப்பதில்லை. பிரவுசர்காரர்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி 2026 மார்ச் 15-லிருந்து 200 நாள், 2027 மார்ச் 15-லிருந்து 100 நாள், 2029 மார்ச் 15-லிருந்து 47 நாள். இலவசம், விலையுள்ளது என்ற பேதம் இல்லை, எல்லாருக்கும் இதே கணக்கு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, யார் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமல் போனால் முதலில் யாருக்குத் தெரியும் என்பது.

இந்தக் கேள்வியை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு கோயிலின் இணையத்தளத்தைச் சேவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அக்டோபர் கடைசியில் அதை வேறு செர்வருக்கு மாற்றினேன். சான்றிதழ் எடுத்துப் போட்டேன், பூட்டு வந்தது, தூங்கப் போய்விட்டேன். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைப் புதிய செர்வரில் போட மறந்ததை நான் கவனிக்கவில்லை. 90 நாளைக் கூட்டிப் பாருங்கள், ஜனவரி கடைசி. தைப்பூசத்துக்குப் பால்குடப் பதிவு அந்தத் தளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. விடியற்காலை ஆறு மணிக்குத் தலைவர் கூப்பிட்டார். பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் சிவப்பாக எச்சரித்து உள்ளே விட மறுக்கிறது, பக்தர்கள் கோயிலையே யாரோ ஏமாற்றுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று பேசுகிறார்கள். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. சரிசெய்ய எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தை மூன்று மாதம் முன்னால் செலவழித்திருக்கலாம்.

உங்கள் தளத்தில் புதுப்பிப்பு ஒழுங்காக ஓடுவதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டேன், அதனால் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் அக்கா மகனிடம் ஒரு வேலை கொடுங்கள். சான்றிதழ் காலாவதியாக இரண்டு வாரம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பும் கண்காணிப்புச் சேவைகள் சும்மாவே கிடைக்கின்றன, ஒன்றில் உங்கள் முகவரியைப் போட்டு வைக்கட்டும். முன்பு லெட்ஸ் என்கிரிப்டே நினைவூட்டல் அனுப்பும், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். பையன் சொன்னது சரிதான் என்றும் சொல்லிவிடுங்கள், படிக்கிற பிள்ளை.

அவன் அடுத்து ‘கிளவுட்ஃபிளேர் போடலாம் சின்னம்மா’ என்று வந்தால் ஒரு எச்சரிக்கை. உங்கள் தளத்துக்கு முன்னால் நின்று, வருகிறவர்களை வாங்கி உள்ளே அனுப்பும் நல்ல சேவைதான். ஆனால் அதில் ‘ஃபிளெக்சிபிள்’ என்ற தேர்வை வைத்தால் வாடிக்கையாளரிடமிருந்து கிளவுட்ஃபிளேர் வரைக்கும்தான் பூட்டு, அங்கிருந்து உங்கள் செர்வர் வரைக்கும் திறந்த வழி. பார்ப்பவருக்கோ எல்லாம் பூட்டியது போலத் தெரியும். செர்வரில் சான்றிதழ் இருக்கும்போது ‘ஃபுல் ஸ்டிரிக்ட்’ தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பூட்டு வந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. வழியில் யாரும் கேட்கவோ மாற்றவோ முடியாது, அவ்வளவுதான். தளத்தின் பாஸ்வர்ட் எளிதாக இருந்தால், தளத்தை ஓட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால், திருடன் முன்வாசல் வழியாகவே வருவான். அதே இலவசச் சான்றிதழை ஏமாற்றுக்காரனும் வாங்கலாம், வாங்குகிறான். பொய் வங்கிப் பக்கங்களிலும் பூட்டு இருக்கிறது. பூட்டைப் பார்த்து மக்கள் தப்பாக நம்பிவிடுகிறார்கள் என்றுதான் 2023-இல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. யாராவது உங்கள் கடைப் பெயரில் போலிப் பக்கம் வைத்துப் பணம் வாங்கினால், பணம் போட்டவர் உடனே தன் வங்கிக்கோ மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கோ அழைக்க வேண்டும். அந்த எண்ணைக் கடைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

அம்மாவின் கைப்பேசி. முதலில் அதில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கிய பழைய கைப்பேசிகள் சில நேரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போது எல்லாச் சான்றிதழும் ‘இன்னும் பிறக்காதது’ என்று ஆகிவிடும், பூட்டுள்ள ஒரு பக்கமும் திறக்காது. பெரும்பாலும் அதுதான். தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டின் பதிப்பைப் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் புதிதாக வந்தபோது அதைப் பிரவுசர்களுக்குத் தெரியாது. ஊரறிந்த ஐடென்ட்ரஸ்ட் என்ற நிறுவனம் அதற்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பழைய கைப்பேசிகளுக்காக நீட்டி வைத்த அந்தக் கையெழுத்து 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தியவற்றுக்கு லெட்ஸ் என்கிரிப்டை நேராகத் தெரியாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய நிறுவனங்களின் விலையுள்ள சான்றிதழுக்கு ஒரு அனுகூலம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பழைய கைப்பேசியிலிருந்து உங்களுக்கு வரும் ஆர்டர் மிகச் சிலதாகத்தான் இருக்கும், அவர்கள் புலனத்திலேயே கேட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு ஒரு புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுங்கள், 480 வெள்ளியில் நல்லதாகவே கிடைக்கும்.

கடைசிக்கு வைத்தது இது. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினீர்கள்: "டொமைன் பாஸ்வர்ட் எல்லாம் அவர்களிடமே இருப்பதால்". மற்ற எதையும்விட என்னை உறுத்தியது அந்த வரிதான். சான்றிதழ் போனால் நான்கு நிமிடத்தில் இன்னொன்று வரும். டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், போனால் கடைப் பெயரே போனது. உறையில் அச்சடித்தது, வண்டியில் எழுதியது, ஐந்து தீபாவளியாக வாடிக்கையாளர் மனதில் பதிந்தது, எல்லாம் போனது.

உங்கள் முகவரி டாட் காம் டாட் மை என்று முடிகிறது. அந்த வகைப் பெயரை எடுக்க வியாபாரப் பதிவு வேண்டும், எஸ்எஸ்எம் என்ற அரசுப் பதிவகம் கொடுத்த எண்ணைக் கேட்பார்கள். யாருடைய எண்ணைக் கொடுத்து எடுத்தார்கள்? உங்கள் கடையின் எண்ணா, அவர்கள் கம்பெனி எண்ணா? மலேசியப் பெயர்களை நிர்வகிக்கும் மைநிக் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடினால் அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க முயலலாம். நான் தேடவில்லை, நீங்களே பாருங்கள், உங்கள் சொத்து. உங்கள் கடைப் பெயர் இருந்தால் நிம்மதி, பாஸ்வர்டை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். அவர்கள் பெயர் இருந்தால், பெயரை உங்களுக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கெட்ட எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள் என்று இல்லை. வேலை சுலபமாகட்டும் என்று எல்லா வாடிக்கையாளரின் டொமைனையும் தங்கள் கணக்கிலேயே எடுத்துப்போடும் பழக்கம் நம் ஊர்க் கம்பெனிகள் பலவற்றில் இருக்கிறது. கம்பெனி மூடிவிட்டால், முதலாளி கைப்பேசியை எடுக்காமல் போனால், அப்போதுதான் வலிக்கும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். சான்றிதழ் பற்றி இப்போது வாயே திறக்காதீர்கள். டொமைன் முதலில். அது கைக்கு வந்த பிறகு, ‘பழைய வழியாக வரவும்’ பலகையை மாற்றும் அந்த ஒரு மணி நேர வேலையை அவர்களிடமே கேளுங்கள், மறுத்தால் வேறு ஆளிடம் போகலாம். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். பெயர் மாற்றம் ஒரு நாளில் முடியாது.

இந்தச் சேதியை மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றி, புலனத்தில் அனுப்பாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதியோடு பதிவாக இருக்கும்:

"வணக்கம். எங்கள் வியாபாரக் கணக்குகளை ஒழுங்குபடுத்துகிறோம். எங்கள் டொமைன் பெயர் யார் பெயரில், எந்த எஸ்எஸ்எம் எண்ணில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று தெரிவிக்கவும். அது எங்கள் கடையின் பெயரில் இல்லாவிட்டால் மாற்றித் தருவதற்கான படிவங்களை அனுப்பவும். டொமைன், ஹோஸ்டிங் இரண்டுக்கும் உள்ள நுழைவு விவரங்களும் எங்களுக்கு வேண்டும். இந்த வருடத்துக் கட்டணம் எதுவும் பாக்கி இருந்தால் பில் அனுப்புங்கள், கட்டிவிடுகிறோம்."

பதில் வந்ததும், வராவிட்டாலும், இரண்டு வாரத்தில் எனக்கு எழுதுங்கள்.